டேலியா கிழங்கை மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை எப்படிக் காப்பாத்துறது? (வேலூர் வெயிலுக்கு)

#1 காட்பாடிமாடி

வணக்கம். மாடியில 12 அங்குலத் தொட்டிகள்ல டேலியா இருக்கு. டெகரேட்டிவ், பாம்போன் ரெண்டு வகையும். மாசி பாதி தாண்டியாச்சு, பூ சிறுத்துப் போச்சு, அடி இலை மஞ்சளாகுது. வெளிநாட்டு வீடியோ எல்லாத்துலயும் "முதல் பனியில இலை கருகினதும் தோண்டி, உறையாத இடத்துல வை"ன்னே சொல்றாங்க. இங்க உறைபனிக்கு எங்க போறது? தோண்டணுமா, தொட்டியிலேயே விடலாமா? தோண்டினா எதுல போட்டு வைக்கிறது? தண்ணி போர் தண்ணிதான், டி.டி.எஸ். (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு) 1,400 காட்டுது.

#2 பாலாற்றங்கரை

அவங்க கிழங்கைத் தோண்டுறது குளிருக்குப் பயந்து. உறைபனியில கிழங்குக்குள்ள இருக்கிற தண்ணி உறைஞ்சு, கரையும்போது கூழாயிடும். நமக்குப் பயம் கத்திரி வெயில். டேலியாவோட சொந்த ஊர் மெக்சிகோ மலைப்பகுதி. அங்க மழையில வளரும். மழை நின்னு குளிரும் வறட்சியும் சேர்ந்து வரும்போது கிழங்குல சத்தைச் சேர்த்துக்கிட்டுத் தூங்கும். நாம ஐப்பசியில நட்டு, தை மாசியில பூ பாத்துட்டு, 40 டிகிரியில தூங்கச் சொல்றோம். அந்தச் சூட்டுல ஈரம் இல்லன்னா சுருங்கி விறகாகும். ஈரம் கூடினா அழுகும். ரெண்டும் இல்லன்னா ஆனி மாசமே முளைச்சு, நட நேரமில்லாத நேரத்துல கிழங்குல இருக்கிற சத்தைத் தின்னு தீர்க்கும்.

கிழங்குக்குத் தோதான சூடு 4-லிருந்து 10 டிகிரி. நம்ம ஊர்ல ஃபிரிட்ஜ் தவிர எங்கயும் அது கிடைக்காது. அதனால 28–30 டிகிரிக்குள்ள நிறுத்துறதும், காஞ்சு போகாம பாத்துக்கறதும்தான் நம்ம வேலை.

இப்ப செய்ய வேண்டியது: தண்ணியை இன்னிலேர்ந்து படிப்படியாக் குறைங்க. ஒரேயடியா நிறுத்தாதீங்க, இலையில இருக்கிற சத்து கிழங்குக்கு இறங்க ரெண்டு வாரம் வேணும். பாதிக்கு மேல மஞ்சளானதும் தண்டை மண்ணிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டுங்க. வெட்டினதும் தோண்டக் கூடாது. அஞ்சாறு நாள் அப்படியே விட்டா, தண்டடியில முளைக்கண் உப்பிக்கிட்டு வெளிய தெரியும். கிழங்கைப் பிரிக்க அதுதான் அடையாளம்.

இன்னொண்ணு, டேலியா தண்டு உள்ள குழல் மாதிரி இருக்கும். வெட்டின வாயில தண்ணி இறங்கினா நேரா தண்டடிக்குப் போய் அங்கேர்ந்து அழுக ஆரம்பிக்கும். ஒரு துண்டு அலுமினியத்தாளை மேல சுத்தி விடுங்க. தோண்டி எடுத்ததும் கொத்தைத் தலைகீழாக் கவுத்து ஒரு ராத்திரி வைங்க, குழல்ல இருக்கிற தண்ணி வடிஞ்சிடும்.

வெயில்ல காய வைக்கவே கூடாது. ஈரமான ஊர்ல ஒரு வாரம் காய வைக்கச் சொல்வாங்க. இங்க மார்ச் மாசக் காத்துக்கு நிழல்ல ஒரு நாள் போதும். ரெண்டாம் நாள் கழுத்து, அதாவது கிழங்கும் தண்டடியும் சேர்ற மெல்லிசு பாகம், சுருங்க ஆரம்பிச்சிடும். கழுத்து போச்சுன்னா கிழங்கு எவ்ளோ குண்டா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

#3 செம்மண்சட்டி

பாலாற்றங்கரை அண்ணா சொல்றது சரி, ஆனா எல்லாத்தையும் தோண்டணும்னு இல்ல. சுட்ட மண் சட்டியில 8 அங்குலத்துக்குள்ள இருக்கிற செடின்னா சட்டியோடவே விடலாம். தோண்டினா எப்படியும் நாலு கழுத்தாவது உடையும். சட்டியில விட்டா அந்தச் சேதம் இல்ல, மெல்லிசு வேரும் தப்பிக்கும்.

தண்டை 4 அங்குலம் விட்டு வெட்டிட்டு, சட்டியை வடக்குச் சுவரோரம் சன்ஷேடுக்குக் கீழ கொண்டு போங்க. மாடித் தளத்துல நேரா வைக்காதீங்க. சாயங்காலம் ஆறு மணிக்கும் அந்தத் தளத்துல கால் வைக்க முடியாது, சட்டி அடி வழியா அந்தச் சூடு பூரா கிழங்குக்குத்தான் போகும். ரெண்டு செங்கல் போட்டு மேல வைங்க. சட்டியைப் படுக்க வைச்சிடணும். சித்திரை வைகாசியில திடீர்னு கோடை மழை ஒரு மணி நேரம் கொட்டும் பாருங்க, அந்த ஒரு மழை போதும், சூடான மண்ணுல ஈரம் இறங்கி மொத்தமும் அழுகிடும்.

15 நாளுக்கு ஒரு தடவை நிமிர்த்தி, விளிம்போரமா ஒரு டம்ளர் தண்ணி, 150 மில்லி போல. தண்டுமேல படக் கூடாது. கறுப்பு குரோ பேக்ல (செடி வளர்க்கிற பிளாஸ்டிக் பை) இருந்தா இந்த முறை வேண்டாம், அது அடுப்பு.

#4 பாலாற்றங்கரை

அக்கா சொன்ன சட்டி முறைக்கு நான் எதிரி இல்ல. 12 அங்குலத் தொட்டிக்கு ஒத்து வராதுங்கிறேன். அதுல மண் அதிகம். நடுவுல எவ்ளோ ஈரம் நிக்குதுன்னு வெளிய தெரியாது. எருவும் நிறைய போட்டிருப்போம், அது சூட்டுல நொதிக்கும்.

சட்டியில விடறதுன்னா அதுக்குன்னு தனியா செடி வளர்க்கணும். மார்கழியில பக்கக் கிளையிலிருந்து நுனித்துண்டு எடுத்து வேர் விட வைச்சு, 5 அல்லது 6 அங்குலச் சட்டியிலேயே வளர விடறது. பூவுக்கு ஆசைப்படக் கூடாது, மொட்டு வந்தா கிள்ளிடணும். பகல் 12 மணி நேரத்துக்குக் கீழ போனாலே டேலியா கிழங்கு கட்டப் பாக்கும். வேலூர்ல டிசம்பர் பகல் 11 மணி 20 நிமிஷம் வாக்குல. அதனால இந்தச் சின்னச் செடி உயரம் போகாம, முஷ்டி அளவுல இறுக்கமா ஒரு கொத்துக் கிழங்கு கட்டும். பெரிய தொட்டியில விரல் விரலா நீளுற கிழங்கைவிட இது கோடையில ரெட்டிப்பு தாங்கும். கண்காட்சிக்கு வளர்க்கிறவங்க ரகத்தைக் காப்பாத்துறது இந்தக் குட்டிச் சட்டியிலதான்.

#5 ஏலகிரிக்காரர்

ஏலகிரியில தெரிஞ்சவங்க இருந்தா யோசிக்கவே வேண்டாம், இங்க அனுப்பிடுங்க. 1,100 மீட்டர் வாக்குல இருக்கு, சமவெளியைவிட அஞ்சாறு டிகிரி குறைவு. ஏப்ரல் மே மாசத்துலயும் ஓட்டு வீட்டு உள்ளறையில தரையில வைச்சா தாங்குது. ஜவ்வாது மலையில ஜமுனாமரத்தூர் பக்கமும் இதே கதைதான்.

ஆனா இங்க காத்துல ஈரம் அதிகம். அனுப்பும்போது பிளாஸ்டிக் கவர்ல கட்டி அனுப்பினா பஸ்ஸிலேயே வேர்த்துப் பூஞ்சாணம் புடிச்சு வரும். செய்தித்தாள்ல சுத்தி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில அனுப்புங்க. அப்புறம் எலி. இன்னொரு தடவை சொல்றேன், எலி. டேலியா கிழங்குல விஷம் எதுவும் இல்ல, ருசியா மென்னுட்டுப் போயிடும். ஜல்லடைக் கம்பி வலை போட்டு மூடாம தரையில வைக்காதீங்க.

#6 குடியாத்தம்தம்பி

ஃபிரிட்ஜ்ல வைக்கலாமா ணா? வீட்ல திட்டுவாங்க, அது வேற விஷயம். அப்புறம் ஆன்லைன்ல 5 கிழங்கு பாக்கெட் வாங்கினது ரெண்டு மாசமா மண்ணுல அப்படியே கீது. அழுகவும் இல்ல, முளைக்கவும் இல்ல. தோண்டிப் பாத்தா நல்லா கெட்டியாத்தான் கீது. இன்னா பண்றது?

#7 பாலாற்றங்கரை

தம்பி, அது முளைக்காது. கிழங்குல தண்டடித் துண்டு ஒட்டிக்கிட்டு இருக்கான்னு பாருங்க. உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண். டேலியாவுக்கு அப்படி இல்ல. அது உண்மையில வீங்கின வேர். கண் இருக்கிறது பழைய தண்டும் கிழங்கும் சேர்ற அந்த ஒரு வளையத்துல மட்டும்தான். கிழங்கை மட்டும் விரல் மாதிரி உடைச்சு எடுத்தா, கண் தாய்ச்செடியிலேயே தங்கிடும். அந்த விரல் மண்ணுல மாசக்கணக்குல கெட்டியா இருக்கும், சின்ன வேர்கூட விடும், ஆனா தளிர் வராது. பாக்கெட் போட்டு விக்கிறவங்க நிறைய பேர் இதைத் தெரிஞ்சேதான் விக்கிறாங்க. வாங்கும்போது தண்டடி தெரியிற மாதிரி போட்டோ கேளுங்க. காட்டலன்னா வாங்காதீங்க.

கண் எப்படி இருக்கும்னா, தண்டடித் தோல்மேல கடுகு அளவுக்கு ஒரு மேடு. சில ரகத்துல வெளிர்பச்சை, சிலதுல இளஞ்சிவப்பு. தோண்டின அன்னிக்குத் தெரியலன்னா பதறாதீங்க, ஈரக் கோகோபீட்ல (தேங்காய் நார்த்தூள்) பத்து நாள் வைச்சா உப்பிக்கும். பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டுலயும் மூணு இருக்கணும்: கண்ணோட தண்டடித் துண்டு, உடையாத கழுத்து, அழுகாத கிழங்கு. கிழங்கு சுண்டுவிரல் பருமன் இருந்தாலே போதும். கத்தியை ஒவ்வொரு கொத்துக்கும் நடுவுல ஸ்பிரிட்ல துடைங்க. சந்தேகமா இருந்தா இப்ப பிரிக்காதீங்க, முழுக் கொத்தா வைச்சு ஆடியில பிரிங்க. நம்ம சூட்டுக்கு வெட்டுக்காயம் குறைவா இருக்கிறது நல்லது.

ஃபிரிட்ஜ் பத்தி: தாராளமா வைக்கலாம், நல்ல ரகத்துக்கு அதுதான் உறுதியான வழி. காய்கறித் தட்டு மட்டும்; அங்க 6–8 டிகிரி இருக்கும். மேல்தட்டுல பின்சுவரை ஒட்டி வைச்சா உறைஞ்சிடும். முதல்ல கார்பென்டாசிம்ங்கிற பூஞ்சாண மருந்து 50% தூள் லிட்டருக்கு 2 கிராம் கலந்து 15 நிமிஷம் முக்கி, நிழல்ல ஒரு நாள் உலர்த்துங்க. கையுறை போட்டுக்கங்க, அந்தப் பாத்திரம் சமையலுக்குத் திரும்பப் போகக் கூடாது. அப்புறம் ஜிப் கவர்ல லேசா ஈரமான கோகோபீட்டோட வைங்க. கவர்ல பென்சில் முனையால ஆறேழு ஓட்டை. கவர் வெளியில "மருந்து போட்டது"ன்னு பெருசா எழுதுங்க. பாக்க சர்க்கரைவள்ளி மாதிரியே இருக்கும், யாராவது வேக வைச்சிடப் போறாங்க. அதே தட்டுல ஆப்பிள், பழுத்த மாம்பழம் வைக்காதீங்க. பழம் விடுற எத்திலின் வாயு கண்ணைக் கெடுக்கும்.

#8 காட்பாடிமாடி

"லேசா ஈரம்"னா எவ்ளோன்னு புரியல. ஒவ்வொருத்தர் கைக்கும் அது ஒவ்வொரு மாதிரி இருக்கே?

#9 செம்மண்சட்டி

நல்ல கேள்வி. முழுசாக் காஞ்ச கோகோபீட் தூள் 1 லிட்டர் அளவு எடுத்துக்கோங்க. 100 மில்லி தண்ணி தெளிச்சுப் பிசைஞ்சு ஒரு ராத்திரி மூடி வைங்க. கையில இறுக்கிப் புடிச்சா உருண்டையாகணும், விரலைத் திறந்தா உடையணும், உள்ளங்கையில ஈரம் ஒட்டக் கூடாது. ஒட்டினா கூடிப் போச்சு.

வாங்கின கோகோபீட் கட்டியை அப்படியே போடாதீங்க. பல கட்டியில உப்பு நிறைய இருக்கும். ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணியில ஊற வைச்சுப் பிழிஞ்சு, காய வைச்சுட்டுப் பயன்படுத்துங்க. உங்க 1,400 டி.டி.எஸ். தண்ணியில கழுவினா ஒரு உப்பை எடுத்து இன்னொரு உப்பைப் போட்ட மாதிரி. மழைத்தண்ணி புடிச்சு வைச்சிருந்தா அதைப் பயன்படுத்துங்க. இல்லன்னா ஏசியிலிருந்து வடியிற தண்ணி.

15 நாளுக்கு ஒரு தடவை திறந்து ஒவ்வொண்ணையும் அமுக்கிப் பாருங்க. கேரட் மாதிரி கெட்டியா இருந்தா சரி. தோல் லேசாச் சுருங்கி, அமுக்கினா ரப்பர் மாதிரி இருந்தா கோகோபீட்ல ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிங்க. மேல வெள்ளைப் பூஞ்சாணம் மட்டும்னா துணியால துடைச்சு ஒரு மணி நேரம் காத்தாட விடுங்க, போதும். கொழகொழன்னு புளிச்ச வாசனை வந்தா அந்தக் கிழங்கை, உள்சதை வெள்ளையாத் தெரியிற வரைக்கும் வெட்டி எறிஞ்சுட்டு, வெட்டுல கந்தகத்தூள் தடவுங்க. மஞ்சள்தூள் தடவுறேன்னு பல பேர் சொல்றாங்க. சின்னக் காயத்துக்குச் சரி, அழுகலை அது நிறுத்தாது.

#10 காட்பாடிமாடி

ஃபிரிட்ஜ்ல எல்லாத்துக்கும் இடம் இல்லையே. மிச்சம்?

#11 செம்மண்சட்டி

பானைக்குள்ள பானை. அகலமான மண் தொட்டி ஒண்ணு, அதுக்குள்ள நாலு விரல் இடைவெளி விட்டு ஒரு தகர டப்பாவோ பிளாஸ்டிக் பக்கெட்டோ. இடைவெளியில மணல் ரொப்பி, காலையும் சாயங்காலமும் மணல் நனையிற மாதிரி தண்ணி. உள்டப்பாவுல கோகோபீட்டோட கிழங்கு. மேல ஈரச்சாக்கு. வெளித்தொட்டி வழியா தண்ணி ஆவியாகும்போது உள்சூடு இறங்கும். உள்ளயும் மண் பானையே வைச்சீங்கன்னா ஈரம் கசிஞ்சு கிழங்கை எட்டிடும், அதான் தகரமோ பிளாஸ்டிக்கோ வேணுங்கிறேன்.

காத்தோட்டம் இருக்கிற நிழல் வேணும். மூடின ஸ்டோர் ரூம்ல வைச்சா ஆவியாகாது, பலனும் இல்ல. நம்ம ஊரு வறண்ட காத்துக்கு இது நல்லாவே வேலை செய்யும். சென்னைக்காரங்க செஞ்சு பாத்துட்டு ஒண்ணும் ஆகலம்பாங்க, அங்க காத்துல ஈரம் அப்படி. போர் தண்ணி ஊத்தினா வெளித்தொட்டி மேல வெள்ளையா உப்புப் பூக்கும், துவாரம் அடைபடும். மாசம் ஒரு தடவை தேங்காய் நாரால தேய்ச்சு விடுங்க.

#12 வேர்முடிச்சு

எல்லாரும் எப்படி வைக்கிறதுன்னு சொல்றீங்க. எதை வைக்கக் கூடாதுன்னு நான் சொல்றேன்.

மெல்லிசு வேர்ல மணி கோத்த மாதிரி முடிச்சு இருந்தா அது வேர்முடிச்சு நூற்புழு. தக்காளி, கத்திரி நட்ட பழைய மண்ணை டேலியாவுக்குப் போட்டா அனேகமா வரும். அந்தக் கொத்தை வைச்சுக்காதீங்க. மண்ணையும் வேற தொட்டிக்கு மாத்தாதீங்க. சித்திரையில அந்த மண்ணை லேசா நனைச்சு, வெளிப்படையான பாலிதீன் ஷீட்டுக்குக் கீழ மெல்லிசாப் பரப்பி, ஓரத்தை மண்ணால மூடி ஆறு வாரம் வெயில்ல போடுங்க. கத்திரி வெயிலால நமக்குக் கிடைக்கிற ஒரே உபகாரம் அது. சந்தேகம்னா விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துல வேரோட காட்டிக் கேளுங்க.

தண்டடியில காலிஃபிளவர் மாதிரி கட்டி, இல்ல ஒரே இடத்துல முப்பது நாப்பது சின்னத் தளிர் குப்பையா முளைச்சிருந்தா, அது பாக்டீரியாவால வர்ற கழலை. கண் நிறைய இருக்குன்னு சந்தோஷப்பட்டுப் பிரிச்சு நண்பர்களுக்குக் கொடுத்துடாதீங்க. குப்பைக்கு அனுப்புங்க, உரக்குழிக்கு வேண்டாம்.

மூணாவது, தேமல். நரம்போரமா வெளிர்மஞ்சள் பட்டை, இலை முறுக்கு, செடி குட்டையாவே நிக்கும். இது வைரஸ். மருந்து கிடையாது, கிழங்கு வழியாவும் அந்தச் செடியிலிருந்து எடுக்கிற நுனித்துண்டு வழியாவும் அடுத்த வருஷத்துக்குப் போகும், அசுவினிப் பூச்சி வழியாப் பக்கத்துச் செடிக்கும் போகும். இலை காஞ்ச பிறகு அடையாளம் தெரியாது. அதனால பூக்கிற நேரத்துலயே அந்தச் செடியில சிவப்பு நூல் கட்டி வைங்க, கிழங்கு எடுக்காதீங்க.

செஞ்சிலந்தியால இலை வெளுக்கிறதையும் தேமலையும் குழப்பிக்காதீங்க. சிலந்தின்னா இலைக்கு அடியில மெல்லிசு நூல் தெரியும். வெள்ளைத்தாள்மேல தட்டினா புள்ளி புள்ளியா நகரும். பிப்ரவரி வெயில் ஏறும்போது வர்றது பெரும்பாலும் இதுதான். இலை அடியில வேகமாத் தண்ணி பீய்ச்சுங்க, நாலு நாளைக்கு ஒரு தடவை வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலத்துல.

#13 குடியாத்தம்தம்பி

சரி, வைச்சாச்சுன்னு வைச்சுக்குவோம். எப்ப வெளிய எடுக்கிறது? நேரா தொட்டியில நட்டுடலாமா?

#14 பாலாற்றங்கரை

நடலாம். ஆனா ஆடி கடைசியில எழுப்பி, நுனித்துண்டு எடுத்து நட்டா பூ நல்லா இருக்கும். ஒரு கிழங்குல நாலஞ்சு செடியும் கிடைக்கும்.

தட்டுல ஈரக் கோகோபீட் ரொப்பி, தண்டடி வெளிய தெரியிற மாதிரி கிழங்கைப் பதிங்க. 75% நிழல்வலைக்குக் கீழ. தண்ணி தெளிப்பு மட்டும். வேர் வர்ற வரைக்கும் கிழங்குக்குக் குடிக்க வாய் இல்லை, ஊத்தினா அழுகும். ரெண்டு மூணு வாரத்துல தளிர் வரும். 3 அங்குலம் ஆனதும் ஒரு கணுவுக்குக் கொஞ்சம் கீழ வெட்டுங்க. தண்டடியில ஒரு கணு விட்டுட்டு வெட்டினா அங்கேர்ந்து மறுபடி ரெண்டு தளிர் வரும். வெட்டின தண்டு உள்ள கெட்டியா இருக்கணும். குழல் விழுந்த தண்டு வேர் விடாது. ரூட்டிங் பவுடர் (வேர் விட வைக்கிற தூள்) தொட்டு, கோகோபீட்டும் மணலும் சரிபாதி. ரெண்டு மூணு வாரத்துல வேர்.

புரட்டாசி கடைசி, ஐப்பசி முதல் வாரம் தொட்டிக்கு மாத்துங்க. செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் 1, மணல் 1; 12 அங்குலத் தொட்டிக்கு வேப்பம்புண்ணாக்கு 50 கிராம், எலும்புத்தூள் 50 கிராம். முட்டுக்குச்சியை நடும்போதே ஊனுங்க, அப்புறமா ஊனினா கிழங்குல குத்தும். நவம்பர் புயல் மழைக்குத் தொட்டிகளை ஓரமா இழுக்க வசதி பண்ணி வைங்க. 24 மணி நேரம் தண்ணி நின்னா போச்சு. நாலு ஜோடி இலை வந்ததும் நுனி கிள்ளுங்க. பெரிய பூ வேணும்னா ஒவ்வொரு கிளை நுனியிலும் நடுமொட்டை விட்டுட்டுப் பக்கத்து ரெண்டையும் பட்டாணி அளவுல எடுத்துடுங்க.

மொட்டு தெரிஞ்ச பிறகு யூரியா, டி.ஏ.பி. மாதிரி தழைச்சத்து உரம் கிட்டயே போகாதீங்க. சல்பேட் ஆஃப் பொட்டாஷ் லிட்டருக்கு 2 கிராம், 10 நாளுக்கு ஒரு தடவை. தழைச்சத்து ஏறின கிழங்கு பாக்க கொழுகொழுன்னு இருக்கும், கோடையில முதல்ல அழுகுறதும் அதுதான். கோடைக்குத் தாங்குமா தாங்காதாங்கிறது பாதி தையிலேயே முடிவாயிடுது.

#15 ஏலகிரிக்காரர்

ஒண்ணு சேத்துக்கறேன். இங்க ஜூன்லயே பகல் 13 மணி நேரத்தைத் தொடாது, அக்டோபர்ல 12-க்குக் கீழ வந்துடும். அதனால இளஞ்செடி உயரம் வர்றதுக்கு முன்னாடியே மொட்டும் கிழங்கும் கட்டப் பாக்கும். நட்ட முதல் நாலு வாரம் சாயங்காலம் ஆறிலேர்ந்து எட்டரை வரைக்கும் ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பை மூணு அடி மேல எரிய விடுங்க. வளர்ந்த பிறகு நிறுத்திடுங்க.

#16 காட்பாடிமாடி

கடைசியா ஒண்ணு. எல்லாம் செஞ்சும் ஜூன்லயே முளைச்சிட்டா? ஒடிச்சுப் போடலாமா?

#17 பாலாற்றங்கரை

ஒரு அங்குலத்துக்குள்ள இருந்தா ஒடிச்சுட்டு ஃபிரிட்ஜுக்கு மாத்துங்க, பக்கத்துல வேற கண் எழும்பும். ஆனா ஒவ்வொரு தடவை ஒடிக்கும்போதும் கிழங்கு இளைக்கும், ரெண்டு தடவைக்கு மேல வேண்டாம். 3 அங்குலம் தாண்டியிருந்தா ஒடிக்காதீங்க. 6 அங்குலச் சட்டியில நட்டு, காலை வெயில் மட்டும் படுற இடத்துல நிழல்வலைக்குக் கீழ வைச்சு, மொட்டைக் கிள்ளிக்கிட்டே வாங்க. ஆவணியில அதுவே தாய்ச்செடி, அதுலேர்ந்து நுனித்துண்டு எடுத்துக்கலாம்.

#18 செம்மண்சட்டி

அந்தச் சட்டிக்குப் போர் தண்ணி ஊத்தாதீங்க. இலை ஓரம் கருகினா வெயில்னு நினைப்பீங்க, பாதி நேரம் அது உப்பு. அப்புறம் பேர்ச்சீட்டு: ஸ்கெட்ச் பேனாவுல எழுதினா ஆடிக்குள்ள அழிஞ்சிடும். கூல்டிரிங்க் டப்பாவை வெட்டி, பேனா முனையால அழுத்திக் கீறி, தண்டுல கம்பியால கட்டுங்க.